பெயின்ட்டுக்குள் நிற்காத ஒளி

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது, தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை நேற்றுதான் முடிந்தது. காலி அறையில் உட்கார்ந்து வெள்ளைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன், விடுதி மொட்டைமாடியில் விடிய விடியப் பேசினோமே, இயற்பியலாளர் ஆண்டர்சனின் அந்த விஷயம் நினைவுக்கு வந்துவிட்டது.

1958இல் அவர் சொன்னது எலக்ட்ரானைப் பற்றி: படிகத்தில் ஒழுங்கு போதுமான அளவு குலைந்தால் அது பரவாமல் ஓரிடத்திலேயே நின்றுவிடும். ஒளியும் அலைதானே, அதையும் நிறுத்தலாமே என்று 1980களில் சஜீவ் ஜான் போன்ற இயற்பியலாளர்கள் கிளம்பினார்கள்.

இருட்டில் சுவர்மேல் சிவப்பு லேசரை அடித்துப் பார். புள்ளி ஒரே சீராக இருக்காது, பொடிப்பொடியாக மினுங்கும், தலையை லேசாக அசைத்தால் அந்த மினுக்கமும் நகரும். சிதறிய அலைகள் கூடுகிற இடம் வெளிச்சம், ஒன்றையொன்று அழிக்கிற இடம் இருட்டு. பெயின்ட்டுக்குள் போன ஒளி எந்த வழியாகச் சுற்றினாலும், அதே வழியை எதிர்த்திசையில் சுற்றிவரும் அலையும் ஒன்று உண்டு. புறப்பட்ட இடத்தை நோக்கித் திரும்பும் திசையில் இரண்டும் எப்போதும் கூடித்தான் வரும். அதனால் வந்த வழியே திரும்பும் ஒளி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகிறது, 1985இல் அளந்தே காட்டினார்கள். சரி, சிதறலை இன்னும் இன்னும் கூட்டினால்? இரண்டு சிதறலுக்கு நடுவே ஓர் அலை முழுதாக எழக்கூட இடமில்லாதபோது ஒளி அங்கேயே மாட்டிக்கொள்ள வேண்டும்.

1997இல் காலியம் ஆர்சனைடு என்ற குறைக்கடத்திப் பொடியில் அது நடந்தது என்றார்கள், ஆனால் பொடி ஒளியை உறிஞ்சினாலும் அப்படியே தெரியும் என்று மறுப்பு வந்தது. 2006இல் டைட்டானியம் டை ஆக்சைடு, நம் பெயின்ட்டில் இருக்கும் அதே வெள்ளைப் பொடி. தாமதமாக வெளிவந்த ஒளியைத்தான் சிக்கிக் கிடந்ததாக நினைத்தார்கள், கடைசியில் பார்த்தால் அது பொடியே வேறு நிறத்தில் உமிழ்ந்தது. படித்தபோது மனசு உடைந்துவிட்டது எனக்கு.

அப்புறம் 2023இல் ஒரு பெரிய கணினிக் கணக்கு. ஒளிவிலகல் எண்ணை (ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு) 10 என்று வைத்துக்கொண்டாலும் கண்ணாடி மாதிரியான உருண்டைகளுக்குள் ஒளி நிற்கவில்லை, ஒளியைத் துளியும் விழுங்காத கற்பனை உலோக உருண்டைகளுக்கு நடுவே நின்றது! நெருங்கிய துகள்களுக்கு இடையே மின்புலம் கசிந்து ஒளி தப்பிவிடுகிறது, உலோகம் அந்தக் கசிவை அடக்குகிறது என்கிறார்கள்.

ஆனால் நிஜ உலோகம் ஒளியை விழுங்குமே, மறுபடி 1997இன் தகராறுதானே வரும்? மைக்ரோ அலையில் அந்த இழப்பு குறைவு, நானாக இருந்தால் அங்கிருந்துதான் தொடங்குவேன். நீ வருஷக்கணக்காக மைக்ரோ அலையோடு மல்லுக்கட்டியவன், இது நடக்குமா என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்