ஒரு பற்றுச்சீட்டுக்காக

அன்புக்குரியவர்களே,

நான் வீடிழந்ததிலிருந்து இந்த ஆறு வாரங்களில் நடந்தவற்றை இங்கு மீண்டும் எழுதப் போவதில்லை. உங்களில் பெரும்பாலானோருக்கு அது தெரியும். அன்று வீதிக்கு வந்த என்னுடைய பொருட்கள் இன்று மறுபடியும் ஓர் அறைக்குள் இருக்கின்றன, அந்த அறைக்கு ஒரு கதவும் அதற்கொரு திறப்பும் உண்டு என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். திறப்பு கைக்கு வந்து பதினொரு நாட்களாகின்றன. இரவில் இரண்டு முறையாவது விழித்து, தலையணைக்கடியில் அது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டே மறுபடி படுக்கிறேன்.

மருதானையில் தங்களுக்கே போதாத அறையில் எனக்கும் பாய் விரித்த தோழிகள் இருவர், வராத நாட்களுக்கும் சம்பளத்தைக் குறைக்காத தையல்கடை முதலாளி, காசு வாங்காமல் கடிதம் எழுதித் தந்த சட்டத்தரணி, பெயரைச் சொல்லாமலே என் தொலைபேசிக்கு ரீலோட் போட்டுக்கொண்டிருந்த யாரோ ஒருவர், என் தையல் இயந்திரத்தையும் இரண்டு பைகளையும் ஒன்பது நாட்கள் தன் வீட்டில் வைத்திருந்த ஓட்டோக்கார அண்ணா ஆகிய எல்லோருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன். அந்த அண்ணாவுக்குத் தமிழ் தெரியாது. என்னை ‘நங்கி’ என்றே கூப்பிட்டார். சிங்களத்தில் அது தங்கை. எங்களைக் குறிக்கும் ‘திருநங்கை’ என்ற தமிழ்ச் சொல்லுக்கு எவ்வளவு கிட்ட வந்துவிட்டார் என்பதை அவருக்கு விளக்குமளவுக்கு என்னிடம் சிங்களம் இல்லை.

ஆனாலும் இந்த மடலை எழுத உட்கார்ந்தது ஒரு துண்டுக் கடதாசிக்காக.

அதற்கு முன் பதினான்கு வீடுகள் பார்த்திருந்தேன். தொலைபேசியில் என் குரலைக் கேட்டதும் ஆள் வந்துவிட்ட அறைகள், நேரில் கண்டதும் வெளிநாட்டிலிருந்து திரும்பும் மகனுக்குத் தேவைப்பட்டுவிட்ட அறைகள், ஆறு மாத முற்பணம் அந்த நிமிடத்திலேயே ஒரு வருடமாகிவிட்ட அறைகள். மறுத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர். தமிழருக்கு வாடகைக்குக் கொடுப்பதில்லை என்ற பதிலை இதே கொழும்பில் தாங்களும் வாங்கியவர்கள். அவர்களை மன்னிக்க எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும்.

பதினைந்தாவது வீடு கொட்டாஞ்சேனையில், லூசியா தேவாலயத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்தது. பெயரை எழுதக் கூடாது என்று அந்த அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருப்பதால் அம்மா என்றே எழுதுகிறேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சமைப்பேனா, இரவு வேலை உண்டா, தண்ணீரை அளவாகப் பாவிப்பேனா என்று மூன்று கேள்விகள் கேட்டார். வாடகை பதினெட்டாயிரம், இரண்டு மாத முற்பணம். நான் சற்றுக் குறைத்துக் கேட்டபோது ஒரு ரூபாயும் குறையாது என்றார். எண்ணிக் கொடுத்தேன், அவரும் ஒருமுறை எண்ணினார். பிறகு அலுமாரியிலிருந்து ஒரு பற்றுச்சீட்டுப் புத்தகத்தை எடுத்து, நீலக் காபன் தாளை இரண்டு பக்கங்களுக்கிடையில் செருகி, நூல் கட்டிய கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“பேரைச் சொல்லு பிள்ளை.”

சொன்னேன்.

“முதலெழுத்து?”

வீட்டோடு எனக்குப் பேச்சில்லாமல் ஒன்பது வருடங்கள். என்றாலும் அப்பாவின் எழுத்தையே சொன்னேன்.

அவர் பேனையைத் தூக்கிப் பிடித்தபடி நிமிர்ந்து, “செல்வி எண்டு போடவோ, திருமதி எண்டு போடவோ?” என்றார்.

இருபது வருடங்களாக எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பழகிய எனக்கு இதற்கு உடனே வாய் வரவில்லை. செல்வி என்றேன். காபனில் பதிய வேண்டும் என்பதற்காக அழுத்தி, மெதுவாக, ஓர் எழுத்தும் சிதையாமல் எழுதிக் கிழித்துத் தந்தார்.

அந்தத் துண்டின் பெறுமதி எங்களில் ஒருத்திக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 2016இல் சுகாதார அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கைக்குப் பிறகு இலங்கையில் பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெறவும், அதைக் கொண்டு பிறப்புச் சான்றிதழைத் திருத்தவும் வழி இருக்கிறது. நான் இரண்டையும் முடித்துவிட்டேன். மிச்சம் தேசிய அடையாள அட்டை. அதற்கான விண்ணப்பத்தைக் கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்த வேண்டும். அவரிடம் போவதற்கு அவருடைய பிரிவில் குடியிருக்க வேண்டும். குடியிருக்க வீடு வேண்டும். வீட்டுக்காரரோ முதலில் அடையாள அட்டையைத்தான் கேட்பார், அதில் இன்னும் ஓர் ஆணின் பெயரும் அரும்பு மீசை முகமும் இருக்கும். வீடில்லாமல் இரவில் பையோடு தெருவில் நின்றால், 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடிருக்கிறது. ஆள்மாறாட்டத்தால் ஏமாற்றுவதைப் பற்றிய தண்டனைச் சட்டக்கோவையின் 399ஆம் பிரிவையும், எங்கள் உடையே ஏமாற்று என்பதுபோல, எங்கள்மேல் பிரயோகித்திருக்கிறார்கள்.

போன வியாழக்கிழமை அந்தப் பற்றுச்சீட்டையும் மின்சாரப் பட்டியலின் பிரதியையும் அம்மாவின் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு கிராம உத்தியோகத்தரிடம் போனேன். செல்வி என்று தொடங்கும் பெயரை வாய்விட்டு வாசித்தார், ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார், ஒப்பமிட்டார். அவருக்கும் நன்றி.

வாடகைக்கு எதற்குப் பற்றுச்சீட்டு, கொழும்பில் யாரும் தருவதில்லையே என்று அம்மாவிடம் பிறகொரு நாள் கேட்டேன். 2007 ஜூன் 7ஆம் திகதி, நகரத்தில் தங்கியிருக்கத் தகுந்த காரணம் இல்லை என்று சொல்லி, விடுதிகளிலிருந்த தமிழர் 376 பேரைப் பொலிசார் பஸ்களில் ஏற்றி அனுப்பினார்களே, அவர்களில் ஒருவன் அம்மாவின் தம்பி மகன். மறுநாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தச் சொல்லி இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. அதற்குள் பிள்ளை வவுனியா போய்விட்டான். “மாசம் தவறாமல் காசு கட்டினவன். காட்டுறதுக்கு ஒரு துண்டு இல்லை,” என்றார். புத்தகம் வாங்கியது அதற்குப் பிறகுதானாம். ஒரு பற்றுச்சீட்டு அந்த பஸ்ஸை நிறுத்தியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை, அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் அன்றிலிருந்து அவருடைய அறைக்கு வந்த யாரும் எழுத்தில்லாமல் இருந்ததில்லை. எனக்கென்று அவர் விசேடமாக எதையும் செய்யவில்லை என்பது புரிந்தபோதுதான், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மருதானைத் தோழிகளோடு சேர்ந்து இந்த மாதத்திலிருந்து ஒரு சீட்டுப் பிடிக்கிறோம். முதல் சீட்டுக் காசு எங்களுக்கல்ல. அடுத்து வீதிக்கு வருபவளின் முற்பணத்துக்கு. அவள் கையில் காசு இருக்க வேண்டும், கெஞ்சி நிற்கக் கூடாது. பற்றுச்சீட்டுக் கேட்டு வாங்கவும் சொல்லிக்கொடுப்போம்.

அம்மா, இதை உங்களுக்கு யாராவது வாசித்துக் காட்டுவார்கள். குளியலறைக் குழாய் மூன்று நாட்களாக இரவு முழுவதும் சொட்டுகிறது. வாளி வைத்திருக்கிறேன், தண்ணீர் வீணாகவில்லை. ஆனால் அதைத் திருத்துவது வீட்டுக்காரரின் பொறுப்பு.

நன்றியுடன்,
உங்கள் பின்னறை வாடகைக்காரி
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13