வெப்பமான குளிர்காலம் என்றாலும் மைனஸ் 19

ஆசிரியர் அவர்களுக்கு,

அலாஸ்காவின் குளிர்கால முன்கணிப்பைப் பற்றி எழுதும்போது 'இயல்பைவிட வெப்பமாக இருக்க 40 சதவீத வாய்ப்பு' என்று மட்டும் போட்டால், வாசகர் அதை உறுதி என்றே எடுத்துக்கொள்வார். மீதி 60இல் இயல்புக்கு 33, கூடுதல் குளிருக்கு 27 என்பதையும் தயவுசெய்து அச்சிடுங்கள். 'இயல்பு' என்பது 1991-2020 சராசரி. ஃபேர்பேங்க்ஸ் நகரில் ஜனவரிச் சராசரி சுமார் மைனஸ் 22 டிகிரி செல்சியஸ். மூன்று டிகிரி கூடினாலும் மைனஸ் 19தான். காரை வெளியே நிறுத்தினால் எஞ்சினைச் சூடாக வைக்கும் ஹீட்டரை மின்சாரத்தில் செருகித்தான் ஆக வேண்டும்.

உண்மையில் அங்கே அதிகம் அஞ்ச வேண்டியது திடீர் வெப்பத்தை. 2021 டிசம்பர் கடைசி வாரத்தில் ஃபேர்பேங்க்ஸில் மழை கொட்டியது. உறைந்து கிடந்த சாலையில் விழுந்த நீர் அப்படியே பனிக்கட்டியாக இறுகியது. பின்னாலேயே கடுங்குளிர். மைனஸ் 10க்குக் கீழே சாதாரண உப்பு பனிக்கட்டியை உருக்குவது அரிது. இயந்திரத்தால் கீறி, சரளை தூவித்தான் வண்டி ஓட்ட முடியும். அந்தக் கட்டி மாதக்கணக்கில் சாலையை விடவில்லை. குளிர்கால முன்கணிப்பு சொல்வது மூன்று மாதச் சராசரியை; அதில் இப்படி ஒரு நாள் தெரியவே தெரியாது. அதற்கு அன்றாட முன்னறிவிப்பைத்தான் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்