ஈஸ்ட்ஹாம் வீட்டு காஸ் சோதனை: சிவாவுக்கு ஒரு கடிதம்

அன்பின் சிவா,

உன் கடிதம் கிடைத்தது. குடும்பத்தோடு லெஸ்டருக்கு மாறுவதும் லண்டன் ஈஸ்ட்ஹாம் வீட்டை விற்காமல் வாடகைக்கு விடுவதும் நல்ல முடிவு. ஆனால் காஸ் விஷயத்தை மட்டும் “சேர்டிபிகேட்டை ஏஜென்ட் பார்த்துக்கொள்வான்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். அந்த வரிக்குத்தான் இவ்வளவு நீளமான பதில்.

ஏஜென்ட் பார்ப்பதில் பிழையில்லை. ஆனால் சோதனையை ஒழுங்குசெய்வது, பதிவை வைத்திருப்பது, பழுது வந்தால் ஆள் அனுப்புவது யாருடைய பொறுப்பு என்று அவனோடு செய்த ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறதா என்று பார். குடியிருக்க ஆள் பிடித்துத் தருவதற்கு மட்டும் காசு கட்டியிருந்தால் மற்றதெல்லாம் உன் தலையில்தான்.

சட்டம் 1998-ஆம் ஆண்டின் காஸ் பாதுகாப்பு விதிகள். அதில் 36-வது விதி வீட்டுக்காரருக்கானது. அது இரண்டு கடமைகளைத் தனித்தனியாகச் சொல்கிறது. குழாயையும் உன்னுடைய காஸ் சாதனங்களையும் புகைக்குழாயையும் வருடம் முழுக்கப் பாதுகாப்பான நிலையில் பராமரிப்பது ஒன்று. 12 மாதத்துக்குள் ஒருமுறை சாதனங்களையும் புகைக்குழாயையும் சோதிப்பித்துப் பதிவு எடுப்பது மற்றது. நம் ஆட்களில் பெரும்பாலோர் இரண்டாவதைச் செய்துவிட்டு முதலாவதும் முடிந்ததென்று இருந்துவிடுகிறார்கள். காருக்கு எம்ஓடி என்ற வருடாந்தச் சோதனை எடுத்தால் ஒயில் மாற்றியதாகிவிடாது, இதுவும் அப்படித்தான். சோதனைக்கு வருபவர், வீட்டையும் தண்ணீரையும் சூடாக்கும் பொயிலரைக் கழற்றித் துப்புரவாக்க மாட்டார். பொயிலரிலிருந்து வடியும் தண்ணீர் போகும் கண்டன்சேட் பொறியில் சேர்ந்த சேற்றை அள்ளுவது, பற்றவைக்கும் எலெக்ட்ரோடைப் பார்ப்பது, பர்னர் கதவின் சீல் வளையத்தை மாற்றுவது எல்லாம் சேர்விஸ். பொயிலர் உத்தரவாதமும் பொதுவாக வருடாந்த சேர்விஸைத்தான் கேட்கும். இரண்டையும் ஒரே நாளில் செய்விக்கச் சொல்லு, பதிவு இரண்டுக்கும் வாங்கு.

உன் தங்கை வீட்டில் மேல் அறையில் ஒரு மாணவன் இருக்கிறான் என்று எழுதியிருந்தாய். அவளுக்கும் இது பொருந்தும் என்று சொல்லிவிடு. சொந்த வீட்டில் ஒரு அறையை மட்டும் வாடகைக்கு விட்டாலும் அந்த வீட்டின் பொயிலர் வருடாந்தச் சோதனைக்குள் வரும்.

வருபவர், காஸ் வேலை செய்ய அனுமதி உள்ளவர்களின் பட்டியலான காஸ் சேஃப் ரெஜிஸ்டரில் இருக்க வேண்டும். 2009 ஏப்ரல் 1 முதல் கோர்கி என்ற பழைய பட்டியலுக்குப் பதிலாக வந்தது அது. ஆனாலும் சோதனைப் பதிவை இன்னும் சிபி12 என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். அடையாள அட்டையின் முன்பக்கத்தில் படமும் காலாவதித் திகதியும் லைசன்ஸ் எண்ணும் இருக்கும். பின்பக்கத்தைத்தான் நீ கவனமாக வாசிக்க வேண்டும்: எந்தெந்தச் சாதனத்தில் வேலை செய்யத் தகுதி உண்டு என்று அங்கேதான் இருக்கும். பொயிலருக்குத் தகுதி இருப்பவருக்குக் காஸ் ஃபயருக்கு (அறையைச் சூடாக்கும் காஸ் கணப்புக்கு) இல்லாமல் இருக்கலாம். எண்ணை ரெஜிஸ்டரின் இணையதளத்தில் போட்டால் உடனே தெரியும்.

இனி அவர் என்ன செய்ய வேண்டும் என்பது. மிக மலிவாக வந்து பத்து நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர் எதை விட்டுவிட்டுப் போகிறார் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் மீற்றர். அவசரத்தில் காஸை நிறுத்தும் வால்வின் கைப்பிடி இருக்கிறதா, திரும்புகிறதா, மீற்றர் பெட்டிச் சாவி குடியிருப்பவரிடம் இருக்கிறதா. மீற்றருக்குப் பிறகு 600 மில்லிமீற்றருக்குள், முதல் கிளை பிரியுமுன், பச்சை மஞ்சள் நில இணைப்பு வயர் பிடிக்கப்பட்டிருக்கிறதா. அது காணாவிட்டால் அவர் எழுத்தில் சொல்ல வேண்டும், நீ எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

பிறகு கசிவுச் சோதனை. சட்டத்தின் வருடாந்தச் சோதனைப் பட்டியலில் குழாய் இல்லை. ஆனால் குழாயைப் பராமரிக்கும் கடமை உன்னுடையது, கசிவுச் சோதனையும் சேர்த்துச் செய்விக்கச் சொல்லித்தான் எச்எஸ்ஈ (அரசின் சுகாதார, பாதுகாப்பு அமைப்பு) பரிந்துரைக்கிறது. ஆகவே கேட்டு வாங்கு. வால்வை மூடி, அழுத்தத்தை 7 முதல் 10 மில்லிபார் வரை ஏற்றி ஒரு நிமிடம் பார்ப்பார்கள்: வால்வே உள்ளே விடுகிறதா என்று. அதன்பின் 20 அல்லது 21 மில்லிபாருக்கு ஏற்றி ஒரு நிமிடம் நிலைக்க விட்டு, அடுத்த இரண்டு நிமிடம் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். கருவி பொருத்திக் கழற்றும் நேரத்தையும் கூட்டிப் பார். பத்து நிமிடத்து ஆளுக்கு இதற்கே பெரும்பகுதி நேரம் போய்விடும்.

சாதனம் ஒவ்வொன்றிலும் நான்கு விஷயம் பார்க்க வேண்டும்: புகை வெளியே போகிறதா, எரிவதற்கு வேண்டிய காற்று வருகிறதா, இயங்கும் அழுத்தமோ வெப்ப உள்ளீடோ சரியா, பாதுகாப்புக் கருவிகள் வேலை செய்கின்றனவா. மீற்றரில் இயங்கும் அழுத்தம் 21 மில்லிபாரை ஒட்டி இருக்க வேண்டும், இரண்டு கூடவோ குறையவோ இருக்கலாம். மீற்றரிலிருந்து பொயிலருக்குப் போய்ச் சேர்வதற்குள் 1 மில்லிபாருக்கு மேல் விழக் கூடாது என்பது பொது விதி. பழைய தெருவீடுகளில் இது அடிக்கடி தவறும். முன்பு சின்னப் பொயிலருக்கு இழுத்த 15 மில்லிமீற்றர் குழாயிலேயே சுடுதண்ணீரையும் உடனுக்குடன் தரும் பெரிய கொம்பி பொயிலரைக் கொழுவியிருப்பார்கள். சூடாக்கும்போது தெரியாது, ஷவரைத் திறந்து முழு வீச்சில் எரியும்போதுதான் அழுத்தம் விழும். ஆகவே சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்து அளக்கிறாரா என்று பார். புகைக்குழாயில் அனலைசரைச் செருகி காபன் மொனொக்சைட்டுக்கும் காபனீரொக்சைட்டுக்கும் உள்ள விகிதத்தை எடுப்பார். கண்டன்சிங் பொயிலரில் அது 0.004-க்குக் கீழே, மொனொக்சைட் 350 பிபிஎம்முக்குக் (பத்து லட்சத்தில் 350 பங்குக்கு) கீழே இருக்க வேண்டும். அந்த இலக்கங்களைப் பதிவில் எழுதச் சொல்லு. வருடாவருடம் ஒப்பிட்டுப் பார்த்தால் பொயிலர் கெட்டுப்போவது முன்கூட்டியே தெரியும்.

உன் வீட்டில் எனக்குப் பயம் பொயிலரில் இல்லை. முன் ஹோலில் இருக்கும் பழைய காஸ் ஃபயரில்தான். நீங்கள் இருந்தபோது அது ஹோல். இனி வாடகைக்கு வருபவர்கள் அதைப் படுக்கையறையாக்குவார்கள். ஈஸ்ட்ஹாமில் நடக்காத வீடு அருமை. படுக்கும் அறையில் 14 கிலோவாட்டுக்கு மேற்பட்ட காஸ் ஃபயரோ பொயிலரோ இருந்தால் அது அறைக் காற்றைத் தொடாத, மூடிய வகையாக இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் மூடிய வகையாக இருக்க வேண்டும், அல்லது அறையில் ஆபத்தான அளவுக்குப் புகை சேருமுன் தானே அணையும் கருவி இருக்க வேண்டும். பின்னால் பொயிலர் ஒளிந்திருக்கும் பழைய ஃபயர்கள் அநேகமாக இதில் அடிபட்டுப் போகும். அறையைப் படுக்கையறையாக மாற்றியது நீயல்ல, அவர்கள்தான் என்று சொல்லித் தப்ப முடியாது. அங்கே ஆள் படுக்கிறார் என்றால் பொறுப்பு வீட்டுக்காரருக்கு. அதோடு அந்தச் சிம்னி. உள்ளே செங்கல் தூளும் பறவைக் கூடும் விழுந்து அடைத்தால் புகை அறைக்குள் திரும்பும். அதனால்தான் புகை மாத்திரை கொளுத்தி இழுவையைப் பார்த்து, பின் ஃபயரை எரிய விட்டு, கதவு ஜன்னல் மூடி, குசினி விசிறியையும் ஓட விட்டுப் புகைக்குச்சியால் கசிவைப் பார்ப்பார்கள். என் அபிப்பிராயம்: ஆள் குடிவருமுன் அந்த ஃபயரைக் கழற்றி, குழாயை அடைத்துவிடு. நூறு வேலை குறையும்.

அடுத்தது பின்வளவு. குசினிக்குப் பின்னால் நீ போட்ட பிளாஸ்டிக் கூரைச் சாய்ப்பு இன்னும் இருக்கிறதுதானே? பொயிலரின் புகைவாய் அந்தச் சாய்ப்புக்குள் திறந்தால் புகை வெளியேறவில்லை, குசினிக் கதவுக்கு முன்னாலேயே தேங்குகிறது. சாய்ப்பை உடை, இல்லாவிட்டால் புகைக்குழாயை நீட்டுவி. திறக்கும் ஜன்னலிலிருந்து 300 மில்லிமீற்றர் இடைவெளியும் வேண்டும்; பொயிலர் போட்ட பிறகு புது ஜன்னல் வைத்த வீடுகளில் இது தவறுகிறது. புகைக்குழாய் கூரைத்தட்டுக்குள் மறைந்து போனால், எந்த மூட்டும் 1.5 மீற்றருக்கு மேல் தள்ளி இருக்காதபடி 300-க்கு 300 மில்லிமீற்றர் திறப்புகள் வேண்டும். கண்ணால் பார்க்க முடியாத மூட்டுக்கு எந்த எஞ்சினியரும் கையெழுத்து வைக்கக் கூடாது.

குக்கரில் சொல்ல அதிகமில்லை. பின்னால் ரப்பர் குழாய் அவணுக்குப் பின்னே நசியாமல் தொங்க வேண்டும், முன்னுக்குச் சாயாமல் சங்கிலியோ கொளுக்கியோ வேண்டும். சுவாலை அணைந்தால் காஸை நிறுத்தும் கருவி ஒவ்வொரு அடுப்பிலும் உள்ளதாக வாங்கு. பெரிய கிடாரம் வைத்துச் சமைக்கும் வீடுகளில் கிடாரம் அடுத்த அடுப்பையும் மூடிக்கொண்டால் மஞ்சள் சுவாலையும் கரியும் வரும். குடியிருப்பவருக்கு அதை வாயால் சொல்லிவை. அவர்கள் தங்கள் சொந்தக் குக்கரைக் கொண்டுவந்தால் குக்கர் உன் பொறுப்பல்ல. அதுவரை வரும் குழாய் உன்னுடையது. அவர்கள் போகும்போது கழற்றிக்கொண்டு போனால் அந்த வாயை அடைத்தாயிற்றா என்று பார்.

பிழை கண்டால் இரண்டு வகையில் ஒன்றாக எழுதுவார்: உடனடி ஆபத்து, அல்லது ஆபத்துக்கு இடமுண்டு. முதலாவதென்றால் உங்கள் அனுமதியோடு இணைப்பைத் துண்டிப்பார். மறுத்தால் காஸ் அவசர சேவைக்குச் சொல்வார். இரண்டாவதென்றால் அணைத்து, பாவிக்காதே என்று லேபல் ஒட்டுவார். ஒட்டிய லேபலைக் கழற்றி மறுபடி எரிய விடுவது குற்றம். குளிர்காலமென்றால் அன்றே இரண்டு மின் ஹீற்றராவது கொண்டுபோய்க் கொடு.

அதனால்தான் திகதியை யோசி. நவம்பர் டிசம்பரில் எல்லா எஞ்சினியரும் உடைந்த பொயிலரோடு ஓடிக்கொண்டிருப்பார்கள். 2018 ஏப்ரலில் வந்த திருத்தத்தின்படி, கடைசித் திகதிக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் சோதித்தால் அடுத்த வருடத்துத் திகதி மாறாது. உன் கடைசித் திகதி நவம்பர் 15 என்றால், செப்டம்பர் 20-இல் செய்வித்தாலும் அடுத்தது நவம்பர் 15தான். இதற்கு ஆதாரமாகப் பழைய பதிவுகளைக் கைவசம் வைத்திருக்க வேண்டும். மாறாக ஒருமுறை ஜூலையிலேயே செய்வித்தால் கணக்கு புதிதாக ஜூலையிலிருந்து தொடங்கும். நானென்றால் முதல் வருடமே ஜூலைக்குக் கொண்டுபோய்விடுவேன்.

சோதனை முடிந்து 28 நாளுக்குள் பதிவின் நகலைக் குடியிருப்பவருக்குக் கொடு; புதிதாக வருபவருக்கு உள்ளே காலடி வைக்குமுன். குறைந்தது இரண்டு வருடம் வைத்திரு, இரண்டு மாதச் சலுகையைப் பயன்படுத்தினால் அதற்குப் பிறகு இன்னும் இரண்டு சோதனை முடியும்வரை. முந்தி செக்‌ஷன் 21 நோட்டீஸ் (காரணம் சொல்லாமலே குடியிருப்பவரை வெளியேறச் சொல்வது) செல்லாமல் போய்விடும் என்ற பயத்தில்தான் பலர் இதில் கவனமாக இருந்தார்கள். 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் அந்த நோட்டீஸே இல்லை. ஆனால் சோதிக்காமல் விடுவது குற்றவியல் சட்டத்துக்குள் வரும் விஷயம். தண்டப்பணத்துக்கு உச்சவரம்பு இல்லை, சிறையும் உண்டு.

கதவைத் திறக்காத ஆள் வந்தால் பூட்டை உடைத்து உள்ளே போகாதே, காஸையும் வெட்டாதே. 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் அறிவி; வந்து திரும்பியதற்கு ஒரு துண்டு போட்டுவிட்டு வா; இது சட்டம், உங்கள் உயிருக்காகத்தான் என்று விளக்கி மறுபடி எழுதி அவர்களே நேரம் சொல்ல இடம் கொடு. குறைந்தது மூன்று முயற்சியை எச்எஸ்ஈ எதிர்பார்க்கிறது. திகதியோடு எல்லாவற்றையும் சேர்த்து வை.

இங்கிலாந்தில் 2022 அக்டோபர் 1 முதல், பொயிலரோ ஃபயரோ உள்ள வாழும் அறை ஒவ்வொன்றிலும் காபன் மொனொக்சைட் அலாரமும் வேண்டும். காஸ் குக்கர் மட்டும் விலக்கு. சாதனத்திலிருந்து 1 முதல் 3 மீற்றருக்குள், கூரையில் என்றால் சுவரிலிருந்து 300 மில்லிமீற்றர் தள்ளி, சுவரில் என்றால் கூரையிலிருந்து 150 கீழே. அலுமாரிக்குள் வைக்காதே. குடிவரும் நாளில் பொத்தானை அமத்திக் காட்டி, சத்தம் கேட்டதென்று கையெழுத்து வாங்கு. காஸ் மணத்தாலோ அலாரம் அடித்தாலோ கூப்பிட வேண்டிய 0800 111 999-ஐ மீற்றர் பெட்டிக் கதவில் பெரிதாக ஒட்டிவிடு.

மகள் மான்செஸ்டரில் மாணவர் வீட்டில் இருக்கிறாள் என்கிறாய். அவளும் வாடகைக்கு இருப்பவள்தான். சாவி வாங்குமுன் காஸ் பதிவைக் கேட்டு வாங்கச் சொல்லு. திகதியையும் எஞ்சினியரின் எண்ணையும் பார்க்கட்டும். பதிவில் உள்ள சாதனங்களை வீட்டில் உள்ளவற்றோடு ஒப்பிட்டு, ஏதாவது விடுபட்டிருந்தால் படமெடுத்து எனக்கு அனுப்பச் சொல்லு.

அன்புடன்,
ரவி