உமாய் எனேயின் கை

பிஷ்கெக், கிர்கிஸ்தான்

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். இந்த நாட்டில் பிள்ளைகளைக் காக்கும் அம்மன் யார் என்று கேட்டிருந்தீர்கள். உமாய் எனே. எனே என்றால் கிர்கிஸ் மொழியில் தாய். கோயிலும் இல்லை, படையலும் இல்லை. கிர்கிஸ்காரர்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். பிறந்த பிள்ளைக்குப் பேர் வைக்கும்போது காதில் பாங்குதான் சொல்வார்கள். ஆனால் அதே பிள்ளைக்கு மேலுக்கு முடியவில்லை என்றால், தடவிவிட வரும் பாட்டி, "இது என் கையில்லை, உமாய் எனேயின் கை" என்று சொல்லித்தான் தொடுவார்.

மிகப் பழைய பேர் இது. மங்கோலியாவில் 732-ல் குல் தெகின் என்ற துருக்கிய இளவரசனுக்கு நட்ட கல்வெட்டு, அவன் தாயை "உமாயைப் போன்றவள்" என்கிறது. கிர்கிஸும் துருக்கிய மொழிதான்; பழந்துருக்கியில் உமாய் என்றால் நஞ்சுக்கொடி என்றும் பொருள். 11-ம் நூற்றாண்டில் துருக்கிய மொழிக்கு அகராதி எழுதிய மஹ்மூது காஷ்கரி, உமாயை வணங்கினால் பிள்ளை கிடைக்கும் என்ற சொலவடையையும் சேர்த்தே குறித்திருக்கிறார்.

தொட்டிலுக்கு பெஷிக் என்று பேர். நம் தூளி மாதிரி இல்லை, மரச்சட்டம். முதலில் ஆர்ச்சா என்னும் மலைச்செடியைக் கொளுத்திப் புகை காட்டுவார்கள். பிறகு வயதான பெண் ஒருவர் நல்ல உறக்கம் கொடு என்று உமாயைக் கேட்டுக்கொண்டு, பிள்ளையை மல்லாக்கக் கிடத்துவார். மெத்தையில் இடுப்புக்கு நேரே ஓட்டை, அடியில் சட்டி. மூத்திரம் போக ஷுமெக் என்று ஒரு சின்னக் குழாய். ஆணுக்கு ஒரு வடிவம், பெண்ணுக்கு வேறு. அது சற்று விலகினாலும் துணி நனைந்து தொடை புண்ணாகிவிடும். மேலே நெஞ்சுக்கு ஒன்றும் முழங்காலுக்கு ஒன்றுமாக இரண்டு அகலப் பட்டைகள். அங்கேதான் எனக்குக் கவலை. காலை நீட்டி இறுக்கிக் கட்டினால் இடுப்பு மூட்டு நழுவலாம். அக்கா பிள்ளைக்குத் துணி சுற்றும்போது இடுப்புக்குக் கீழே தளர்வாக விடச் சொல்லுங்கள். முழங்கால் மடங்க வேண்டும்.

நாற்பதாம் நாள் நாற்பது கரண்டித் தண்ணீர் அளந்து ஊற்றிக் குளிப்பாட்டி, நாற்பது துண்டுத்துணி சேர்த்துத் தைத்த சட்டை போடுவார்கள். அக்கம்பக்கத்து வீடுகளில் கேட்டு வாங்கிய துணி.

தூக்கத்தில் பிள்ளை சிரித்தால் உமாய் விளையாட்டுக் காட்டுகிறாள் என்பார்கள். வெறும் தொட்டிலை ஆட்டக்கூடாது என்பது இங்கேயும் உண்டு, அம்மா. யாராவது தெரியாமல் கை வைத்தால் உடனே தடுத்துவிடுவார்கள், நீங்கள் தடுப்பது போலவே.

அப்பாவை வேளாவேளைக்கு மாத்திரை போடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்