ஆதன் என்ற பெயருக்குப் பொருள் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

குழந்தைப் பெயர்ப் பட்டியல்களைத் தொகுத்து வெளியிடும் அன்பர்களுக்கு வணக்கம்.

என் தங்கை மகனுக்கு ஆதன் என்று பெயர் வைத்திருக்கிறோம். பெயர் தேடியபோது உங்களைப் போன்றவர்களின் பட்டியல்களைத்தான் முதலில் புரட்டினோம். ஒன்றில் இந்தப் பெயரே இல்லை. இன்னொன்றில் ஆதவன், ஆதித்யன் வரிசையில் சேர்த்து 'சூரியன்' என்று பொருள் போட்டிருந்தார்கள். அதனால்தான் இந்த மடல்.

ஆதவனைச் சுருக்கி வந்ததல்ல ஆதன். சங்க காலத்தில் தனியாகவே வழங்கிய பெயர். கபிலர் பாடிய சேர மன்னன் செல்வக் கடுங்கோ வாழியாதன். கரூர்ப் பக்கம் புகழூர் ஆறுநாட்டார் மலையில், சமணத் துறவிக்குக் கல்படுக்கை வெட்டித் தந்த செய்தியைச் சொல்லும், தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் அமைந்த கல்வெட்டில் 'கோ ஆதன் செல்லிரும்பொறை' என்ற அரசர் வருகிறார். ஐங்குறுநூற்றின் முதல் பத்துப் பாடல்களும் 'வாழி ஆதன் வாழி அவினி' என்றுதான் தொடங்குகின்றன. சரி, அரசர்களுக்கு மட்டும் உரிய பெயரா? கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் குவிரன், ஆதன் என்ற பெயர்கள் கீறப்பட்டுள்ளன. தன் பானைக்கு அடையாளம் போட்டு வைத்தவர் மன்னராக இருந்திருக்க வேண்டியதில்லையே!

எனக்கு மிகவும் பிடித்த சான்று தொல்காப்பியத்தில் இருக்கிறது. ஆதன் என்ற பெயரோடு தந்தை என்ற சொல் சேர்ந்தால் ஆந்தை ஆகும். பூதனோடு சேர்ந்தால் பூந்தை. கோப்பெருஞ்சோழனை நேரில் பார்க்காமலே நட்புக்கொண்டு, அவன் வடக்கிருந்தபோது, அதாவது வடக்கு நோக்கி உண்ணாமல் அமர்ந்து உயிர்விடத் துணிந்தபோது, வந்து சேர்ந்து உயிர்விட்டாரே பிசிராந்தையார், அவர் பெயரை இந்த விதிப்படிதான் பிரிக்கிறார்கள்: பிசிர் என்ற ஊரில் வாழ்ந்த, ஆதனின் தந்தை. இலக்கணத்தில் தனியாக ஒரு விதி எழுத வேண்டிய அளவுக்கு ஊரெல்லாம் ஆதன்கள் இருந்திருக்கிறார்கள்.

அப்புறம் ஒன்று, இதையும் மறைக்காமல் எழுதுங்கள். பிற்கால வழக்கில் ஆதனுக்கு 'அறிவில்லாதவன்' என்ற பொருளும் ஏறி, அகராதியில் பதிவாகியிருக்கிறது. வீட்டுப் பெரியவர் யாராவது அகராதியைத் திறந்து காட்டினால் பெற்றோர் திகைத்துவிடுவார்கள். இரண்டையும் முன்பே அறிந்து வைத்தால் அந்தச் சங்கடம் வராது. நாங்கள் அறிந்தேதான் வைத்தோம்.

நான் கேட்பது பெரிய வேலை இல்லை. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அது எந்தக் கல்வெட்டில், எந்தப் பாட்டில், எந்த ஊரில் கிடைக்கிறது என்று ஒரு வரி போதும். ராசி எண்ணுக்கு ஒதுக்கும் இடமே அதற்குத் தாராளம். சான்று கிடைக்காத பெயருக்கு இனிமையான பொருள் ஒன்றைக் கற்பித்துப் போடாதீர்கள். இடத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள். அடுத்த பதிப்பில் ஆதனோடு குவிரன், சாத்தன், பண்ணன் ஆகிய பெயர்களையும், பெண் குழந்தைகளுக்கு நன்முல்லை, நச்செள்ளை, ஆதிமந்தி ஆகியவற்றையும் சேர்க்க வேண்டுகிறேன்.

அன்புடன்,
ஆதனின் பெரியம்மா