தியோத்தல்லேவி என்றொரு குடும்பப்பெயர்

அன்புள்ள கலா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். நீ பதிப்பகத்துக்குப் பக்கங்களை அனுப்ப நாள் அதிகமில்லை என்கிறாய், அதனால் ஊர்க்கதையெல்லாம் அடுத்த கடிதத்தில்.

இத்தாலிய ஓவியர் ரஃபேல் சுமார் 1504இல் வரைந்த, இப்போது பெர்லினில் இருக்கும் ‘மடோனா தியோத்தல்லேவி’யைப் பற்றிக் கேட்டிருந்தாய். தியோத்தல்லேவி என்பது ஊரா, புனிதரா என்று. இரண்டும் இல்லை. ஓவியத்தை முன்பு வைத்திருந்த ரிமினி நகரத்துப் பிரபு குடும்பத்தின் பெயர். வரைந்தவருக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. எனவே ‘தியோத்தல்லேவியின் மாதா’ என்று எழுதினால் யாரோ ஒரு தியோத்தல்லேவி கேட்டு வரைந்தது போல ஆகிவிடும். ‘தியோத்தல்லேவி மடோனா’ என்று விட்டுவிடு.

பெயருக்கு வருகிறேன். இதை மூன்றாக உடைக்க வேண்டும்: தியோ, தி, அல்லேவி. தியோ என்றால் கடவுள். தி என்றால் உன்னை. அல்லேவி என்பது ‘அல்லெவாரே’ என்ற வினையிலிருந்து வருவது. குழந்தையையோ கன்றையோ பாலூட்டிக் காத்து ஆளாக்குவதற்கான வினை அது. இங்கே அதன் வடிவம் நம் வியங்கோள் மாதிரி: ‘கடவுள் உன்னை வளர்த்து ஆளாக்குவாராக’. பிறந்த குழந்தைகளில் பாதி தங்காத காலத்தில், தொட்டிலைப் பார்த்துச் சொன்ன வேண்டுதலே பெயராகிவிட்டது. முதலில் இது குடும்பப்பெயர் இல்லை, பிள்ளைக்கு வைத்த சொந்தப் பெயர்.

இடைக்கால இத்தாலியில் இப்படி ஒரு வாக்கியத்தையே பெயராக வைப்பது வெகு சகஜம். தியோதிசால்வி என்றால் ‘கடவுள் உன்னைக் காப்பாராக’. பீசாவின் திருமுழுக்கு மண்டபத்தைக் கட்டத் தொடங்கிய கலைஞர் அந்தப் பெயர்க்காரர்தான், தூணில் பொறித்தே வைத்திருக்கிறார்கள். பென்சிவென்னி என்றால் ‘எங்களிடம் நல்லபடி வந்து சேர்ந்தாய்’. சிமாபூவே என்று நாம் சொல்லும் ஓவியரின் இயற்பெயர் அதுதான், வீட்டில் சுருக்கி சென்னி. பொலோன்யாவை ஆண்ட பென்திவோல்யோ குடும்பப் பெயரோ ‘உன் நலம் விரும்புகிறேன்’. இவையெல்லாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். சுருங்கும்போது முன்பாதி உதிர்ந்துவிடும். தியோதிசால்வி தேய்ந்து சால்வி ஆகும். மத்திய இத்தாலியின் மார்க்கே பகுதியில் இருக்கும் அல்லேவி என்ற குடும்பப்பெயரும் பெரும்பாலும் நம் தியோத்தல்லேவியின் தேய்ந்த வடிவம்தான். ஆகவே இந்தப் பெயரைத் தேடுகிறவர்கள் ‘அ’ வரிசையையும் புரட்ட வேண்டும். பலர் புரட்டுவதில்லை.

இனி அந்தக் கடைசி ‘இ’. இத்தாலியக் குடும்பப்பெயர் ‘இ’யில் முடிந்தால் அது பன்மை, ‘இன்னார் வீட்டார்’ என்று பொருள் என்பது எல்லோரும் ஒப்பிக்கிற பாடம். ரோஸ்ஸி, பியாங்க்கி, ஃபெராரிக்கு அது சரி. தியோத்தல்லேவியின் ‘இ’ பன்மையே இல்லை. அது வியங்கோள் வினையின் ஈறு. ஒரே ஆள் இருந்தாலும் அவன் தியோத்தல்லேவிதான். இது தெரியாமல் ‘தியோத்தல்லேவோ’ என்று ஒரு ஒருமை மூலத்தைக் கற்பித்துக்கொண்டு, அந்தப் பெயரில் ஒரு கொள்ளுத்தாத்தாவைத் தேடி அலைகிறவர்கள் உண்டு. ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். அந்தக்கால நோட்டரிகள், அதாவது பத்திரம் எழுதுகிறவர்கள், எல்லாப் பெயரையும் லத்தீனில் வளைப்பார்கள். தியோத்தல்லேவுஸ் என்று ‘உஸ்’ போட்டுவிட்டால், ‘தியோத்தல்லேவுஸின்’ என்பதும் லத்தீனில் தியோத்தல்லேவி என்றுதான் வரும். ‘யோஹான்னஸ் தியோத்தல்லேவி’ என்று 13ஆம் நூற்றாண்டுப் பத்திரத்தில் பார்த்தால், ‘தியோத்தல்லேவியின் மகன் ஜொவான்னி’ என்று படிக்க வேண்டும். குடும்பப்பெயர் என்று துள்ளிக் குதிக்கக் கூடாது.

எப்போது அது குடும்பப்பெயர் என்று உறுதியாகச் சொல்லலாம்? மகன், பேரன், பேரனின் மகன் என்று தலைமுறை மாறியும் அதே சொல் கூடவே வந்தால். மூன்று தலைமுறையாவது வேண்டும் என்பது என் கணக்கு. 1427இல் ஃபிளாரன்ஸ் நகரம் வீடு வீடாகச் சொத்துக் கணக்கு எடுத்தபோதுகூட, பாதிக்கும் மேற்பட்ட குடும்பத் தலைவர்களுக்குக் குடும்பப்பெயர் கிடையாது. அப்பன் பெயர், பாட்டன் பெயர், அவ்வளவுதான். ஏறக்குறைய நம் முன்னெழுத்து மாதிரிதான் என்று வைத்துக்கொள்ளேன்.

உன் இரண்டாவது கேள்வி: இது அநாதைக் குழந்தைகளுக்கு வைத்த பெயரா? இப்படி ஒரு பேச்சு உண்டு. ‘கடவுளே வளர்க்கட்டும்’ என்று படித்தால் அப்படித்தான் தோன்றும். நான் ஏற்கவில்லை. நேப்பிள்ஸின் எஸ்போசித்தோ, ஃபிளாரன்ஸின் இன்னொச்சென்தி, உரோமைச் சுற்றியுள்ள புரோயேத்தி, இவை கண்டெடுத்த குழந்தைகளுக்குக் காப்பகங்கள் கொடுத்த பெயர்கள். அவை காப்பகம் இருந்த நகரத்திலிருந்து பரவின. திருமுழுக்குப் பதிவில் ‘பெற்றோர் தெரியவில்லை’ என்ற குறிப்போடு வரும். தியோத்தல்லேவியும் அதன் சகோதரப் பெயர்களும் அப்பா பெயரோடு, சொத்துப் பத்திரங்களில், நிலம் உள்ளவர்களின் பெயராக அதற்கு வெகு காலம் முன்பே வருகின்றன. 1466இல் ஃபிளாரன்ஸை ஆண்ட மெதிச்சி குடும்பத்துக்கு எதிராகச் சதி செய்த தியெதிசால்வி நெரோனி அநாதை இல்லை, அந்நகரின் பெரிய புள்ளி. ஏதாவது ஒரு காப்பகம் பிற்காலத்தில் இந்தப் பெயரை ஒரு குழந்தைக்குச் சூட்டியிருக்கலாம், அது வேறு. அதைச் சோதிக்க வழி அந்தத் தனிக்கிளையின் முதல் திருமுழுக்குப் பதிவுதான். அகராதியில் விடை கிடைக்காது.

இந்தப் பெயரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். இணையத்தில் கிடைக்கும் குடும்பப்பெயர் வரைபடங்களில் பெரும்பாலானவை பழைய தொலைபேசிப் புத்தகத்தை வைத்துச் செய்தவை. அதில் ஒன்று என்பது ஓர் ஆள் அல்ல, ஓர் இணைப்பு. சரி, ஒரு குடும்பத்துக்குச் சராசரி இரண்டரை ஆள் என்று பெருக்கிவிடலாமா? அதிலும் கோளாறு. இத்தாலியில் பெண் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் இருப்பாள். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் அந்தப் பெயர் மூன்று பேருக்குத்தான். மறுபக்கம், கல்யாணமாகிப் போன தியோத்தல்லேவி வீட்டுப் பெண் வாழும் வீட்டின் தொலைபேசி கணவன் பெயரில் இருக்கும். அவள் கணக்கிலேயே வரமாட்டாள். இரண்டு பிழையும் ஒன்றையொன்று ஓரளவு தின்றுவிடும். ஆனால் ரோஸ்ஸி மாதிரிப் பெயருக்குத்தான் அது சரிப்படும். சில நூறு வீடுகளே உள்ள பெயரில் நாலு வீடு கூடினாலும் குறைந்தாலும் படமே மாறும். கைபேசி வந்தபின் வீட்டு இணைப்பை எடுத்தவர்கள் ஏராளம், அதனால் புதிய புத்தகத்தைவிட 1990களின் புத்தகமே மேல்.

வரைபடத்தைப் பார்த்தவுடன் கண்ணை ஏமாற்றுவது உரோம். எந்தப் பெயரைத் தட்டினாலும் அங்கே ஒரு பெரிய புள்ளி விழும். பிழைக்க வந்தவர்கள் ஊர் அது. எண்ணிக்கையைப் பார்க்காதே, விகிதத்தைப் பார். ஒரு பேச்சுக்கு, 28 லட்சம் பேர் உள்ள உரோமில் 42 இணைப்பு, 8,000 பேர் உள்ள சிற்றூரில் 6 இணைப்பு என்று வைத்துக்கொள். லட்சத்துக்கு என்று மாற்றினால் உரோமில் 1.5, சிற்றூரில் 75. ஐம்பது மடங்கு. வேர் அந்தச் சிற்றூர்ப் பக்கம்தான். இத்தாலியில் ஏறக்குறைய 7,900 நகராட்சிகள். அரிய பெயருக்கு இந்தக் கணக்கை ஒரு சாயங்காலத்தில் கையாலேயே போட்டுவிடலாம், ஏனென்றால் பெரும்பாலான ஊர்களில் பூஜ்யம்தான். தியோத்தல்லேவி மத்திய இத்தாலிப் பெயர்: மார்க்கே, உம்ப்ரியா, லாட்சியோ, கூடவே ரிமினி பக்கம். வேண்டுதல் பெயர் என்பதால் ஒரே மூதாதையிடமிருந்து எல்லோரும் வந்தார்கள் என்று நினைத்துவிடாதே. எந்த ஊரில் எந்தத் தாய் வேண்டிக்கொண்டாளோ, அங்கெல்லாம் தனித்தனியாக முளைத்திருக்கும்.

தொலைபேசிக்கு முந்தைய கணக்கு வேண்டுமானால் இத்தாலி ஒன்றான பின் 1866 ஜனவரி 1 முதல் தொடங்கிய அரசுப் பதிவேடுகள் இருக்கின்றன. உரோமும் லாட்சியோவும் 1870இல்தான் சேர்ந்தன, அங்கே இன்னும் தாமதம். ஆவணக் காப்பகங்களின் ‘அந்தெனாத்தி’ இணையதளத்தில் நிறையப் பதிவேடுகளை இலவசமாகப் பார்க்கலாம். ஆண்டு ஆண்டாகப் புரட்டாதே. பத்தாண்டு அட்டவணை என்று தனிப் புத்தகம் இருக்கும், முதலாவது 1866 முதல் 1875 வரை. பிறப்பு அட்டவணையை எடு, ‘த’ (D) வரிசையில் இந்தப் பெயர் எத்தனை தடவை வருகிறது என்று ஊர்வாரியாக எண்ணு. அந்தக் காலத்தில் ஆள் நடமாட்டம் குறைவு, அதனால் அந்த எண் தொலைபேசிப் புத்தகத்தைவிட நம்பகமானது. மார்க்கேயில் நெப்போலியன் ஆட்சியில் 1808 முதல் சில ஆண்டுகளுக்கும் பதிவேடு உண்டு. ஆனால் அங்கே கவனம். சில அட்டவணைகளைச் சொந்தப் பெயர் வரிசையில் போட்டிருப்பார்கள். குடும்பப்பெயர் வரிசையில் தேடிவிட்டு ‘இந்த ஊரில் இல்லை’ என்று மூடிவிடுவது வழக்கமான தவறு.

அதற்கும் முன்னால் போனால் பங்குக் கோயில் ஏடுகள்தான். 1563இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் திருமணப் பதிவேட்டைக் கட்டாயமாக்கியது. இறப்புக்கும் வீடுவாரிக் கணக்குக்கும் 1614இல்தான் பொது விதி வந்தது. அந்த ஏடுகளில் இரண்டு சின்னச் சொற்களை மனப்பாடம் செய்துகொள்: லத்தீனில் ‘க்வோந்தம்’, இத்தாலியில் ‘ஃபூ’. இரண்டும் ‘காலஞ்சென்ற’. ‘பியேத்ரோ ஃபூ தியோத்தல்லேவி’ என்றால் காலஞ்சென்ற தியோத்தல்லேவியின் மகன் பியேத்ரோ. இந்த ‘ஃபூ’வைக் கவனிக்காமல் எண்ணினால் குடும்பப்பெயர் இருமடங்காகிவிடும். தேதியிலும் ஒரு பொறி. ஃபிளாரன்ஸில் 1749 வரை புத்தாண்டு மார்ச் 25. ஜனவரி 1427 என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1428. பீசாவில் நேர்மாறு, ஆண்டு முன்னாலேயே ஓடும். திருமுழுக்கு மண்டபத் தூணில் 1153 என்று இருப்பதை 1152 என்று எழுதுகிறார்களே, காரணம் இதுதான்.

எழுத்து வேறுபாடும் பார்க்க வேண்டும். வட இத்தாலிப் பேச்சில் இரட்டை மெய் ஒற்றையாகத் தேயும். அதனால் ஒற்றை ‘எல்’லோடு தியோத்தலேவி என்றும் வரும். கடல் கடந்து போனவர்களின் பெயரும் இப்படித் தேய்ந்திருக்கலாம். உன் ஓவியத்தின் பெயரே சில பட்டியல்களில் ஒற்றை ‘எல்’லில் இருக்கிறது. அது வேறு ஓவியம் இல்லை. 2022இல் இத்தாலிய அரசியல் சாசன நீதிமன்றம் பிள்ளைக்குத் தாய் தந்தை இருவர் பெயரும் வரும் என்று தீர்ப்பளித்த பிறகு, இரண்டாவதாக வரும் தியோத்தல்லேவி அகரவரிசையில் வேறெங்கோ ஒளிந்துகொள்ளும் என்பதும் உண்டு.

கடைசியாக உன் தமிழ் எழுத்து. ‘டியோட்டல்லேவி’ என்று எழுதியிருக்கிறாய். இத்தாலியர் நாக்கு பல்லைத் தொடும், மேலண்ணத்தைத் தொடாது. ஆகவே ட வேண்டாம், த போடு. ‘தியோதல்லேவி’ என்று எழுதினால் நடுவிலுள்ள த மெலிந்து ஒலிக்கும். அதற்காகத்தான் ‘த்த’. மூலத்தில் அங்கே இரட்டிப்பு இல்லை, ஆனால் வல்லோசையைக் காப்பாற்ற நமக்கு வேறு வழியில்லை. ‘ல்லே’யில் மட்டும் உண்மையான இரட்டிப்பு, அழுத்தமும் அங்கேதான். வீரமாமுனிவரின் குடும்பப்பெயரான பெஸ்கி மாதிரி இங்கே படிப்பதில் குழப்பம் வராது. அவர் பெயரை ஆங்கில எழுத்துக்கூட்டிப் ‘பெஸ்சி’ என்று படிப்பவர்களை நீயே திருத்தியிருக்கிறாய். அவருடைய கொஸ்தான்ட்ஸோ என்ற பெயர் தமிழில் தைரியநாதர் ஆனது, குடும்பப்பெயரை யாரும் மொழிபெயர்க்கவில்லை. நீயும் அப்படியே செய். உரையில் தியோத்தல்லேவி, அடிக்குறிப்பில் ஒரு வரி பொருள், போதும்.

17ஆம் பக்கத்தில் பெயர் இருமுறை வருகிறது, ஒரு இடத்தில் ‘ல’ ஒன்று குறைகிறது. அச்சுக்குப் போகுமுன் பார்த்துவிடு. மாமாவுக்கு என் வணக்கம் சொல்.

அன்புடன்,
மங்கை