டப்பாவில் அச்சடித்த 12 குதிரைகள்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

நம் பட்டறை வாசலில் தொங்கிய ‘இன்டேக் கிட் - 12 ஹெச்பி கூடுதல்’ பலகையைப் போன வாரம் கழற்றிவிட்டோம். இன்டேக் கிட் என்பது எஞ்சினுக்குக் காற்று போகும் கம்பெனி பெட்டிக்குப் பதிலாக மாட்டும் கூம்பு ஃபில்டரும் குழாயும்; ஹெச்பி என்றால் குதிரைத்திறன். சரக்கு தீர்ந்துவிட்டதா என்று பலரும் கேட்கிறீர்கள். சரக்கு இருக்கிறது. அந்தப் பன்னிரண்டைத்தான் காணோம்.

டப்பாவில் அச்சடித்திருந்ததை அப்படியே பலகையில் எழுதியது எங்கள் தப்பு. 82 ஹெச்பி பெட்ரோல் கார் வைத்திருக்கும் ஒரு தம்பி, கிட் மாட்டிய மறுவாரமே வந்து நின்றார். “சத்தம் சூப்பரா இருக்குங்கண்ணா. ஆனா ஏற்காடு ஏறும்போது பழைய மாதிரிதான் திணறுது.” அவர் வண்டியிலேயே சோதித்துப் பார்த்தோம்.

பெரிய கருவி ஒன்றும் இல்லை. கொத்தனார் தண்ணீர் மட்டம் பார்க்கிற ட்யூப்தான். அதை U வடிவில் ஒரு பலகையில் கட்டி, சொட்டு நீலம் கலந்த தண்ணீரை ஊற்றினோம். ஒரு முனை ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் (பெடலை அழுத்தினால் திறக்கும் காற்று வால்வு) நடுவில் உள்ள குழாயில், மறுமுனை திறந்தபடி. முதலில் கம்பெனி பெட்டியையும் பேப்பர் ஃபில்டரையும் திரும்ப மாட்டி, அடிவாரம் தாண்டி இரண்டாவது கியரில் பெடலை முழுக்க அழுத்தினோம். இரு பக்கத் தண்ணீருக்கும் வித்தியாசம் 14 சென்டிமீட்டர். கிட்டை மாட்டி அதே ஏற்றத்தில் பார்த்தால் 9.

10 சென்டிமீட்டர் தண்ணீர் என்பது காற்றழுத்தத்தில் ஏறக்குறைய 1 சதவீதம்; பவரும் ஏறக்குறைய அதே அளவில்தான் ஏறி இறங்கும். அப்படியானால் கம்பெனி பெட்டி, குழாய், ஃபில்டர் எல்லாம் சேர்ந்து மறிப்பதே ஒன்றரை சதவீதத்துக்குள். அத்தனையையும் பிடுங்கி எறிந்தாலும் 82-இல் ஒரு குதிரைக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். கிட் மிச்சப்படுத்திய 5 சென்டிமீட்டருக்கு அரைக் குதிரைகூடத் தேறாது.

அந்த அரையையும் சூடு தின்றுவிடுகிறது. கம்பெனிக்காரன் மூக்குக் குழாயை ரேடியேட்டருக்கு முன்னால் கொண்டுபோய் வைப்பது வெளிக்காற்றை இழுக்கத்தான். கூம்பு ஃபில்டரைத் திறந்தபடி விட்டால் அது பானெட்டுக்குள் வெந்த காற்றைக் குடிக்கும். 3 டிகிரி சூடு ஏறினால் காற்றின் அடர்த்தி சுமார் 1 சதவீதம் குறையும். ஏற்காடு மலைப்பாதையின் பதினான்காவது வளைவில் பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்தபோது ஸ்கேனரில் உள்காற்று 58 டிகிரி காட்டியது, வெளியே 30.

பிறகு டப்பாவில் 12 எப்படி வந்தது? பவரை அளக்கும் டைனோ உருளையில் வண்டியை ஓட்டினால் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களே ஒன்றிரண்டு சதவீதம் வேறுபடும். முதல் ஓட்டத்துக்கு அழுக்கு ஃபில்டர், பானெட் மூடி. அடுத்ததற்கு பானெட் திறந்து, எதிரே பெரிய ஃபேன். அதிலும் இரண்டு கோடுகளும் எந்த ஆர்பிஎம்மில் அதிகம் விலகுகிறதோ அந்த இடத்தை எடுத்துப் போட்டால் போதும், உச்ச பவர் என்னவோ மாறாமல் அப்படியேதான் இருக்கும்.

தம்பியின் வண்டி திணறுவதற்குக் காரணம் மலைதான். சேலம் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500. 20 கொண்டை ஊசி வளைவு தாண்டி ஏற்காட்டின் ஒண்டிக்கடை போய்ச் சேர்வதற்குள், மேலே உள்ள குளிர்ச்சியைக் கணக்கில் சேர்த்தாலும், காற்றின் அடர்த்தி பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடும். டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத 82 ஹெச்பி வண்டியில் எட்டு ஒன்பது குதிரை அங்கேயே போச்சு. டர்போ வண்டிக்கு இந்த இழப்பு குறைவு.

டர்போ பெட்ரோல் வண்டியை ரீமேப் செய்து (எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி) பூஸ்ட்டை, அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தை, ஏற்றியவர்களுக்கு நல்ல இன்டேக் உதவும், அதை மறுக்கவில்லை. டீசலில் காற்று ஏற்கெனவே உபரி; டீசல் அளவு கூடாமல் பவர் கூடாது.

இழுவை குறைந்தால் முதலில் பழைய ஃபில்டரைப் பாருங்கள். ஓமலூர் ரோட்டில் மேக்னசைட் சுரங்கப் பக்கம் ஓடுகிற வண்டிகளில் ஃபில்டரைத் தட்டினால் கைப்பிடி வெள்ளைத் தூசி கொட்டுகிறது. சில நூறு ரூபாயில் முடிகிற வேலை. எண்ணெய் தடவும் வகை ஃபில்டர் போட்டிருப்பவர்கள் எண்ணெயை அளவாகத் தடவுங்கள். மிஞ்சினால் காற்றளவு சென்சாரில் படியும். பம்பருக்குள் தாழ்வாக ஃபில்டர் வைத்தவர்கள் மழைத் தண்ணீர் தேங்கிய இடத்தில் இறங்கவே வேண்டாம். தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

சத்தத்துக்காகக் கேட்பவர்களுக்கு கிட் இன்னமும் விற்போம். அந்த உறுமல் எனக்கும் பிடிக்கும். பில்லில் மட்டும் ஹெச்பி என்று எழுத மாட்டோம்.

பலகையை நம்பி வாங்கியவர்கள் கொண்டுவந்தால், பழைய பெட்டியைக் கூலி இல்லாமல் மாட்டிக் கொடுத்து, கிட்டைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம். நீங்கள் இங்கேயே விட்டுப்போன பெட்டிகள் எல்லாம் வண்டி நம்பர் எழுதி பரணில்தான் இருக்கின்றன. சனிக்கிழமை காலையில் வந்தால் ட்யூப் சோதனையையும் உங்கள் வண்டியிலேயே பார்க்கலாம்.

அன்புடன்,
அஸ்தம்பட்டி பட்டறையிலிருந்து